கயிறு தள்ளும்

பேராசிரியர் நாகேந்திரன் அந்த ஆய்வேட்டைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டிருந்தார். எல்லா வம்புக்கும் ஆரம்பம் அதுதான். படித்திருந்தால் நாலாம் அத்தியாயத்திலேயே பேனாவை மூடியிருப்பார். இருநூற்றுப் பத்துப் பக்கத்தை பைண்டு பண்ணி, பொன்னெழுத்தில் தலைப்பு அடித்து ரோஷினி கொண்டுபோய் நீட்டிய அன்று, அவர் ஏதோ ஒரு குழுக் கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நின்ற வாக்கிலேயே நாலு பிரதியிலும் போட்டார். "நல்லா வந்திருக்கும்மா" என்றும் சொன்னார். அட்டையைப் பற்றித்தான் சொன்னார் என்பது ரோஷினிக்குப் பிறகுதான் புரிந்தது.

ஏழு மாதம் கழித்துத் தேர்வாளரின் அறிக்கை வந்தது. கோயம்புத்தூரிலிருந்து பேராசிரியர் சுந்தரமூர்த்தி எழுதியிருந்தார். மூன்று அத்தியாயங்களுக்குப் பாராட்டு. நாலாவதற்கு இரண்டே வரி: 'கயிறு இழுக்கும், தள்ளாது. இது பள்ளிக்கூடப் பாடம். இந்த அத்தியாயத்தை ஆய்வாளர் திரும்பப் பெற்றால் பட்டம் வழங்கலாம்.'

ரோஷினிக்கு முப்பத்திரண்டு வயது. ஆம்பூரில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், சோதனை அறை வேலை. தோல் துண்டைக் கவ்வியில் மாட்டி இழுத்து, எத்தனை கிலோவில் கிழிகிறது என்று எழுதுவாள். அந்த வேலையை விடாமல், வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பகுதிநேரமாக ஏழு வருஷம் இயற்பியல் ஆராய்ச்சி செய்தாள். பஸ்ஸில் படித்தாள், ஷிப்ட் இடைவேளையில் படித்தாள். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது கூடப் படித்ததாகத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் நாலு நாள் இருக்கும்போதே அவள் தம்பி இளம்பரிதி 'முனைவர் ரோஷினி' என்று பிளெக்ஸ் அடித்துக் கட்டிலுக்கடியில் சுருட்டி வைத்துவிட்டான். தேதி மட்டும் போடவில்லை. அந்த அளவுக்காவது அவனுக்கு விவரம் இருந்தது.

அப்படி என்னதான் எழுதினாள் நாலாம் அத்தியாயத்தில்?

டேனரியில் தோலை நீட்ட இரண்டு வழி உண்டு. டாகிள் பகுதியில் ஈரத்தோலை ஓட்டை போட்ட இரும்புச் சட்டத்தின் மேல் இழுத்து, சுற்றிலும் கிளிப் மாட்டி அப்படியே காயவிடுவார்கள். அங்கே நீளம் நாம் வைத்தது. எவ்வளவு வலுவாக இழுப்பது என்பது தோலின் இஷ்டம். சோதனை அறையில் எடையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அங்கே விசை நாம் வைத்தது. எவ்வளவு நீள்வது என்பது தோலின் இஷ்டம். இரண்டும் ஒன்றுதானே என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரிய தோலுக்கு ஒன்றுதான்.

தோலுக்குள், ரப்பருக்குள், ஒரு துண்டு பிளாஸ்டிக்குக்குள் கூட இருப்பது கண்ணுக்குத் தெரியாத நீளச் சங்கிலிகள். வெப்பம் அவற்றை ஒரு நொடியும் சும்மா விடாது, உதறிக்கொண்டே இருக்கும். சுருண்டு கிடக்க ஒரு சங்கிலிக்குக் கோடி வழி. விறைத்து நீண்டு நிற்க ஒரே வழி. அதனால்தான் இழுத்துப் பிடித்தால் அது திரும்பச் சுருளப் பார்க்கிறது. ஆசையும் இல்லை, பிடிவாதமும் இல்லை, வெறும் எண்ணிக்கை. ஆயிரம் கண்ணிச் சங்கிலியில் நீளத்தை நிறுத்தினாலும் விசையை நிறுத்தினாலும் விடை ஒன்றே. கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே போனால் இரண்டு விடையும் பிரிய ஆரம்பிக்கும். ஒரு தட்டின் மேல் இரண்டே கண்ணி கிடந்தால் வேடிக்கை உச்சத்துக்குப் போகும். இரண்டு முனையையும் பிடித்து, முழு நீளத்தில் பத்தில் ஏழு பங்கைத் தாண்டி நிறுத்தினால், அது இழுப்பதை விட்டுவிட்டுத் தள்ளும். கிட்டத்தட்ட நேராக இருக்கும்போதுதான் நடுமூட்டுக்கு ஆட இடம் அதிகம். அந்த இடத்தைத் தேடி அது இன்னும் நேராகப் பார்க்கிறது. எடையைக் கட்டி இழுத்தால் இந்த வேடிக்கை ஒருநாளும் தெரியாது. பிடித்து வைத்தால்தான் தெரியும்.

இதைத்தான் அவள் எழுதியிருந்தாள். கணக்குப் போட்டு, கணினியில் ஓட்டி, பதினொரு வரைபடங்களோடு எழுதியிருந்தாள்.

வைவாவுக்கு இரண்டு நாள் முன்னால் நாகேந்திரன் கூப்பிட்டுவிட்டார். மேசைமேல் ஆறு சீட்டுகள் இருந்தன. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது, சொல்லிவிட வேண்டும். பொது வைவா என்றால் பொதுமக்கள் யாரும் வந்து கேள்வி கேட்கலாம் என்று விதி. பொதுமக்களுக்கு வேறு வேலை இருக்கிறது. அதனால் அந்தக் கல்லூரியில் ஆய்வாளரே கேள்விகளை எழுதி, சீட்டாக மடித்து, பின்வரிசையில் உட்காரும் ஜூனியர்களிடம் கொடுத்துவிடுவது வழக்கம். அவர்கள் எழுந்து வாசிப்பார்கள், இவர் யோசிப்பதுபோல் யோசித்துப் பதில் சொல்வார், தேர்வாளரும் தலையாட்டுவார். இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. ரோஷினியும் ஐந்து கேள்வி எழுதிக் கொடுத்திருந்தாள். ஆறாவது சீட்டு நாகேந்திரன் கையெழுத்தில் இருந்தது.

'நாலாம் அத்தியாயத்தைப் பற்றி இப்போது உங்கள் கருத்து என்ன?'

"இதுக்கு நீ என்ன சொல்லணும்னா, மேலும் ஆராய்ஞ்சதில அது பிழைன்னு தெரிஞ்சுது, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவ்வளவுதான். அரை நிமிஷம். படிவமும் ரெடியா இருக்கு."

"பிழை இல்லையே சார்."

"கயிறு தள்ளும்னு யாராவது சொல்வாங்களாம்மா?"

"கயிறுன்னு நான் எழுதல சார். ரெண்டு கண்ணி. நீளத்தைப் பிடிச்சு வெச்சா. நீங்க அந்தப் பக்கத்தைப் படிச்சீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்காதே, ரோஷினி. வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்தில தாழியை உடைச்சுக்காதே. பட்டம் வாங்கு. அப்புறம் அது தள்ளுதா இழுக்குதான்னு உன் இஷ்டம்போல பாத்துக்கோ."

அவள் சீட்டை மேசைமேலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை எரிச்சல் அடங்கவில்லை. தப்பு என்று காட்டினால் ஒப்புக்கொள்ள அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. இரண்டாம் அத்தியாயத்தில் தன் தப்பைத் தானே கண்டுபிடித்து எட்டு மாத வேலையைத் தூக்கிப் போட்டவள் அவள். யாரும் காட்டவில்லை. சும்மா 'தப்பு' என்று சொல்லச் சொல்கிறார்கள். அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

வைவா அன்று கருத்தரங்கக் கூடத்தில் நாற்பது பேர். முன்வரிசையில் சுந்தரமூர்த்தி, அறுபதை நெருங்கியவர், வெள்ளைச் சட்டை, கறாரான முகம். ரோஷினி முக்கால் மணி நேரம் பேசினாள். ஐந்து சீட்டும் ஒழுங்காக வாசிக்கப்பட்டன. ஆறாவதாக எழுந்த பெண், பாவம், இந்த வருஷம் சேர்ந்தவள், மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தாள்.

ரோஷினி மைக்கைப் பிடித்தபடி நின்றாள். நாகேந்திரன் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், குழந்தைக்கு மருந்து கொடுக்கிற தாய்போல.

"நாலாம் அத்தியாயம் சரி. நான் திரும்பப் பெறவில்லை."

கூடத்தில் ஒரு இருமல் பாதியில் நின்றது. சுந்தரமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கேட்ட முதல் நிஜக் கேள்வி அதற்கப்புறம்தான் வந்தது. "கம்ப்யூட்டர்ல நாம போடுறதுதாம்மா வரும். ரெண்டு கண்ணி தள்ளுதுன்னு கண்ணால காட்ட முடியுமா உன்னால?"

"முடியும் சார். ஆம்பூர்ல."

பின்னால் சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. "எங்க டேனரியில ஸ்டேக்கிங் மெஷின் இருக்கு சார். தோலை மிருதுவாக்க மேலயும் கீழயும் மொட்டை ஊசியால தட்டுற மெஷின். அது ஓடும்போது வெளித்தட்டு, தோல் வெளிய வர்ற தட்டு, அதிரும். வெப்பம் சங்கிலியை உதறுற மாதிரி அது உதறும். மூணு மாசமா அதுல அளந்திருக்கேன். மத்தியானம் சாப்பாடு ஆம்பூர்லதான் ஏற்பாடு, உங்க ரயிலும் அங்கிருந்துதான்."

நாகேந்திரன் குனிந்து தேர்வாளர் காதில் ஏதோ சொன்னார். நேரமாகிவிடும், நாற்றமடிக்கும், இப்படி ஏதாவது இருக்கும். சுந்தரமூர்த்தி கையால் விலக்கினார். மனிதருக்குத் தன் வரிமேல் அத்தனை நம்பிக்கை. "போய்ப் பாத்துடுவோம். வைவா முடிஞ்சதுன்னு நான் இன்னும் சொல்லல. அங்க போய் முடிச்சுக்கலாம். படிவத்தையும் எடுத்துக்கோங்க."

டேனரி வாசலிலேயே அவர் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனார். மேனேஜர் அப்துல் ஹமீத் வந்து கைகொடுத்து, "வாங்க சார். அரை மணி நேரந்தான் மெஷின் தர முடியும், ஷிப்மென்ட் இருக்குது. பேஜாராயிடும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஸ்டேக்கிங் மெஷினுக்குள் தோலை விடுகிறவள் தனகோடி. நாற்பத்தைந்து வயது; வாயும் கையும் ஒரே வேகம். மூன்று மாதமாகச் சாப்பாட்டு இடைவேளையில் இந்த மெஷினை ரோஷினிக்காக ஓட்டியவள். "நம்ம மெஷின்ல பி.எச்.டி. பண்ற மொத ஆளு நீதான்" என்று தினமும் ஒருமுறையாவது சொல்லிவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறப்பாள். வெளி ஆட்கள் வருவதைப் பார்த்ததும் தோலை ஓரமாகத் தள்ளினாள். பக்கத்து மெஷின்காரர்களும் வந்து நின்றார்கள். பத்துப் பதினைந்து பேர் ஆனது.

ரோஷினி வெளித்தட்டின் மேல் ஒரு தாம்பாளத்தைத் திருகி இறுக்கினாள். அதன் மேல் விரல் நீளத்தில் இரண்டு அலுமினியப் பட்டைகள், நடுவில் கொஞ்சம் தளர்வான ரிவெட். ஒரு முனை அசையாமல் ஆணியில். மறுமுனை விசை அளக்கும் கருவியின் கம்பியில்; அது திருகாணியால் முன்னும் பின்னும் நகரும். இழுத்தால் கூட்டல் குறி, தள்ளினால் கழித்தல் குறி, கிராமில்.

"போடுக்கா."

மெஷின் அதிர்ந்தது. பட்டைகள் வெட்டுக்கிளிபோல் துடித்தன. ஒவ்வொரு நீளத்திலும் ஒரு நிமிஷம் நிறுத்திச் சராசரி எடுக்க வேண்டும். முழு நீளத்தில் பாதி: கூட்டல் பதின்மூன்று. பத்தில் ஆறு பங்கு: கூட்டல் எட்டு. சுந்தரமூர்த்தி, "இழுக்குது. இழுக்கத்தான் செய்யும்" என்றார். ரோஷினி திருகாணியை இன்னும் திருகினாள். பத்தில் எட்டு. எண்கள் முன்னும் பின்னும் குதித்து, நிமிஷம் முடிந்ததும் நின்றன.

கழித்தல் ஒன்பது.

"ஜீரோ நகர்ந்திருக்கும்" என்றார் அவர்.

அவள் கம்பியைக் கழற்றிக் காட்டினாள். பூஜ்யம்தான். மறுபடி மாட்டினாள். கழித்தல் ஒன்பது. முனைகளை மாற்றி மாட்டச் சொன்னார். கழித்தல் எட்டு. "நகரு" என்று சொல்லிவிட்டு அவரே சட்டைக் கையை மடித்துத் திருகாணியைப் பிடித்தார். கைக்குட்டை எப்போது சட்டைப்பைக்குப் போனது என்று அவருக்கே தெரிந்திருக்காது. பத்தில் ஒன்பது வரை கொண்டுபோனார். கழித்தல் முப்பத்தொன்று. தாம்பாளத்தின் மேல் குனிந்து, துடிக்கிற அந்த ரிவெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், தள்ளுதா?" என்றாள் தனகோடி.

"தள்ளுது" என்றார் அவர்.

ரோஷினிக்குக் கண் கலங்கியது. ஏழு வருஷத்தில் வேறு யாராவது அதைச் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை. தனகோடி மெஷினை நிறுத்தினாள்.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். நியாயம் அப்படி நேர்வழியில் வீடு போய்ச் சேர்வதாக இருந்தால் உலகத்தில் படிவங்களுக்கு என்ன வேலை?

சுந்தரமூர்த்தி கையைத் துடைத்துக்கொண்டு அவளைத் தனியாக அழைத்தார். நாகேந்திரனும் கூட வந்தார். தோல் அடுக்கின் ஓரமாக நின்றார்கள். கூட்டம் நாலடி தள்ளித்தான் நின்றது. எல்லாம் காதில் விழும்.

"நல்ல வேலைம்மா. நிஜமாவே நல்ல வேலை. நான் எதிர்பார்க்கல" என்றார். அவர் குரலில் பொய் இல்லை. "ஆனா என் அறிக்கை பல்கலைக்கழகத்துக்குப் போயாச்சு. அதை மாத்தணும்னா விளக்கம் கேப்பாங்க, கமிட்டி வைப்பாங்க, இழுத்துக்கிட்டே போகும். நீ இந்தப் படிவத்தில கையெழுத்துப் போட்டு அத்தியாயத்தை எடுத்துடு. இன்னிக்கே டாக்டர். அடுத்த மாசம் அதையே பேப்பரா அனுப்பு. நானே மேற்கோள் காட்டுறேன்."

"பாத்தியா, சார் எவ்வளவு பெரிய மனசு" என்றார் நாகேந்திரன். "நஷ்டம் என்னம்மா உனக்கு? ஒரு கையெழுத்து."

படிவம் அவள் கையில் இருந்தது. 'மேலும் ஆராய்ந்ததில் பிழை என அறிந்து திரும்பப் பெறுகிறேன்' என்ற வரிக்குக் கீழே அவள் பெயர் அச்சாகி, கோடு காலியாக இருந்தது. தப்பு என்று நினைத்தபோதும் இதைக் கேட்டார்கள். சரி என்று கண்ணால் பார்த்த பிறகும் இதையே கேட்கிறார்கள். அப்போது வந்த எரிச்சல் இப்போது வந்த கோபத்தின் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு நொடி இளம்பரிதியின் பிளெக்ஸ் நினைவுக்கு வந்தது. அப்பா தெருவெல்லாம் சொல்லி வைத்திருப்பது நினைவுக்கு வந்தது. படிவத்தைத் தோல் அடுக்கின் மேல் வைத்தாள்.

"நீங்க எழுதினது தப்பு சார்" என்றாள். "உங்க தப்புக்கு நான் எப்படி சார் கையெழுத்துப் போட முடியும்?"

நாகேந்திரன் பதறினார். "ரோஷினி, யார்கிட்ட பேசுற. அதுவும் இத்தனை பேர் முன்னாடி."

"பொது வைவாதானே சார். இவங்கதான் பொதுமக்கள்."

யாரும் நகரவில்லை. தனகோடி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்து நின்றாள். அப்துல் ஹமீத் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டிருந்தார்.

சுந்தரமூர்த்தியின் முகம் சிவந்தது. "போடலன்னா பட்டம் தர முடியாது. மறு வைவான்னுதான் நான் குறிக்கணும். ஆறு மாசம். தெரியுதா?"

"குறிங்க சார்."

அவர் பையிலிருந்து முடிவுத் தாளை எடுத்து, மெஷின் மேசைமேல் வைத்து, 'மறு வைவா' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். பேனாவை மூடப் போனார்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சார்" என்றாள் ரோஷினி. "அதை நிரப்பாம அனுப்பினா பல்கலைக்கழகம் வாங்காது."

அவர் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். இரண்டு வரி இடம். 'முடிவு பிழை' என்று எழுதிவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள். எழுதப் போனார். பேனா தாளுக்கு அரை விரல் மேலே நின்றது. எதிரே தாம்பாளம், அதன் பக்கத்தில் அளவுக்கருவியின் திரையில் அவரே திருகி வரவழைத்த கழித்தல் முப்பத்தொன்று. சுற்றிலும் நீலமும் பழுப்பும் ஏறிய கைகளோடு பதினைந்து பேர், என்ன எழுதுகிறார் என்று பார்த்தபடி. பொய் சொல்லிப் பழகியவராக இருந்தால் எழுதியிருப்பார். அவர் பழகியவர் இல்லை, கறாரானவர், அவ்வளவுதான். நாகேந்திரன் மெதுவாக, "விதிப்படி திருத்தம் செய்யலன்னு பொதுவா எழுதிடுங்க சார்" என்றார்.

"சும்மா இருங்க" என்றார் சுந்தரமூர்த்தி.

எழுதினார். ஆங்கிலத்தில், நிதானமாக, ஒரே வாக்கியம். கையெழுத்துப் போட்டுத் தேதியும் நேரமும் போட்டார். தாளைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். ரோஷினி ஒருமுறை படித்தாள். பிறகு கைபேசியை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டாள்.

நாகேந்திரனும் எட்டிப் படித்தார். "சார், இப்படி எழுதினா மேல கேள்வி கேப்பாங்களே."

"கேக்கட்டும். நீங்க அந்த நாலாம் அத்தியாயத்தைப் படிச்சுட்டு வாங்க, அடுத்த தடவை உங்களையும் கேப்பேன்" என்று சொல்லிவிட்டு அவர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, தாம்பாளத்தின் மேல் கிடந்த பட்டைகளை இன்னொரு தடவை விரலால் நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வாசலில் கல்லூரி வேன் கிளம்ப நின்றது. நாகேந்திரன் ஏறிக்கொள்ளச் சொன்னார். அவள் ஏறவில்லை.

தனகோடி பொறுக்க மாட்டாமல் கையைப் பிடித்தாள். "இன்னாம்மா எழுதிட்டுப் போறாரு? பாஸா, பெயிலா?"

"பெயில்க்கா."

"அடப்பாவி. தள்ளுதுன்னு அவரு வாயாலயே சொன்னாரே."

ரோஷினி கைபேசியை அவள் முகத்துக்கு நேராகக் காட்டி, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் படித்தாள். "காரணம்: சரியான முடிவைத் தவறு என்று ஒப்புக்கொள்ள ஆய்வாளர் மறுத்தார்."

தனகோடி அதை இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பக்கத்து மெஷின்காரர் மூன்றாம் முறை கேட்டார். "அப்ப ஆறு மாசம் கழிச்சு?"

"மறுபடி போவேன். இதே நாலாம் அத்தியாயத்தோட."

அப்துல் ஹமீத் தொண்டையைக் கனைத்தார். அரை மணி எப்போதோ தாண்டியிருந்தது. ரோஷினி தாம்பாளத்தைக் கழற்றினாள். தனகோடி மெஷினைப் போட்டுவிட்டு அடுத்த தோலைக் கையில் எடுத்தாள்.